ஜிம்மி எழும்புகிற நேரம்

ஒக்டோபர் 3

எங்கள் நாய் ஜிம்மி இன்று காலையில் எழும்பிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. முன்கால்கள் இரண்டையும் ஊன்றி நெஞ்சைத் தூக்கினான், பின்பக்கம் வர மறுத்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, பின்கால்களை மடக்காமல் விறைப்பாக எடுத்து வைத்து நடந்தான். லிஃப்ட் வரைக்கும் போவதற்குள் சரியாகிவிட்டது. கேற்றடியில் காகத்தைக்கூடத் துரத்தினான்.

சரியாகிவிட்டது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒக்டோபர் 4

இன்றும் அப்படித்தான். மத்தியானம் தூங்கி எழும்பியபோதும்.

ஒக்டோபர் 6

போயா, பௌர்ணமி விடுமுறை. நாங்கள் போகிற கிளினிக் பூட்டு. நாளைக் காலைதான்.

இன்று முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பார்த்ததைப் போனில் எடுத்தும் வைத்தேன். டொக்டருக்கு முன்னால் போனால் பயத்தில் நோவை மறைத்து ஒழுங்காக நடந்து காட்டிவிடுவான். அதனால் கீழே கார் நிறுத்துகிற இடத்தில், சொரசொரப்பான சீமெந்துத் தரையில், அம்மா செயினைத் தளர்வாகப் பிடித்து நடத்த, பக்கத்திலிருந்தும் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்தேன். ஓடவிட்டால் ஒன்றும் தெரியாது, மெதுவாக நடக்கும்போதுதான் தெரியும். முன்கால் நோகிற நாய் அந்தக் கால் தரையில் படுகிற நேரம் தலையை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது இறக்கும். இவனுக்குத் தலை ஆடவில்லை. பின்னாலிருந்து பார்த்தால் இடுப்பின் இடப்பக்கம் மற்றப் பக்கத்தைவிட அதிகமாக எழும்பி இறங்குகிறது. வேகத்தைக் குறைத்துப் போட்டுப் பார்த்தால் நன்றாகவே தெரிகிறது. அம்மாவுக்கும் காட்டினேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை.

விரல் இடுக்கு, பாதம், நகம், காதுக்குள், கழுத்துப் பட்டிக்குக் கீழே எல்லாம் தடவிப் பார்த்தேன். முள் இல்லை, வெட்டு இல்லை, எங்கேயும் சூடாக வீங்கவில்லை. வலது காதுக்குள் ஒரு உண்ணி. ஒன்றே ஒன்று. அதை எடுத்துவிட்டேன், ஆனால் நினைப்பு அதிலேயே நிற்கிறது.

பின்னேரம் மேல்மாடி மாமி வந்தார். கையில் பனடோல், பரசிட்டமோல் குளிசை. “மனிசருக்குக் கேக்கிறது நாய்க்கும் கேக்கும்தானே பிள்ளை, பாதி குடுத்துப் பார்.” அன்பில்தான் கொண்டுவந்தார், அதனால் கோபப்பட முடியவில்லை. வேண்டாம் மாமி என்றேன். கொடுக்கவே கூடாது என்றும் சொன்னேன், ஏனென்றால் மாமியும் பூனை வளர்க்கிறார். 500 மில்லிகிராம் குளிசை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் சரியாக இல்லை, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போய்ப் பல்முரசு மண்ணிறமாகிவிடும். நாய்க்கு டொக்டர் அளவு பார்த்துக் கொடுப்பது வேறு, நாங்களாகக் கொடுப்பது வேறு. மனிசரின் நோக்குளிசைகளான இபுபுரோபன், டைக்குளோபெனாக் இரண்டும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மாமி குளிசையை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார்.

சித்தாலேப தைலம் தடவலாமா என்று அம்மா கேட்டார். நக்கிவிடுவான் அம்மா. கற்பூரம், யூகலிப்டஸ் மணக்கிற எதையும் இவனிலோ எங்கள் பூனை சின்னியிலோ தடவ முடியாது.

ஒக்டோபர் 7

ஓட்டோவில் ஏற மறுத்தான், அதாவது ஏறப் பார்த்து நின்றுவிட்டான். முன்பு ஒரே பாய்ச்சல். டிரைவர் அண்ணா இறங்கிவந்து பின்பக்கத்தைத் தாங்கி ஏற்றிவிட்டார். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி நெரிசலில் ஊர்ந்து போகிற நேரம் முழுக்க தலையை என் மடியில் வைத்திருந்தான்.

டொக்டர் முதலில் வீடியோவைத்தான் பார்த்தார். இரண்டு தரம் பார்த்தார். பிறகு இரண்டு தொடைகளையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்து, என் கையையும் வைக்கச் சொன்னார். இடது தொடைச் சதை மெலிந்திருக்கிறது. கண்ணால் பார்த்தால் தெரியாது, முடி மூடிவிடுகிறது, கைக்குத் தெரிகிறது. இன்று நேற்று வந்த நோவுக்குச் சதை கரையாது, பல வாரமாக அந்தக் காலில் பாரம் போடாமல் இருந்திருக்கிறான் என்றார். முழங்காலைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார், உள்ளே குறுக்குத் தசைநார் அறுந்திருந்தால் எலும்பு வழுக்கி முன்னுக்கு வருமாம். வரவில்லை. இடுப்பு மூட்டைப் பின்னால் நீட்டியதும் ஜிம்மி திரும்பி அவர் கையைப் பார்த்தான். கடிக்கவில்லை, கத்தவில்லை. பார்த்தான். “அதுதான் அவர் சொல்கிற விதம்” என்றார் டொக்டர்.

காய்ச்சல் இல்லை, 38.6. நாய்க்கு அது சரியான சூடு. ஆனாலும் இரத்தம் எடுத்தார்கள். உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபேசியா எல்லாம் இந்த ஊரில் இருக்கின்றன, எர்லிக்கியா மூட்டிலும் போய் நோவு காட்டும், இரத்தத்தட்டுக்களைக் குறைத்துவிடும். தட்டுக்கள் குறைந்திருக்கிற நேரம் நோக்குளிசையைக் கொடுத்தால் இரத்தம் கசியலாம். சிறுநீரகம், ஈரல் எப்படி என்றும் தெரிய வேண்டும். முடிவு வரும்வரை ஒரு மருந்தும் இல்லை. ஓய்வு மட்டும்.

ஒக்டோபர் 8

ரிப்போர்ட் பின்னேரம் வரும் என்றார்கள். வரவில்லை. போனைக் குளியலறைக்கும் கொண்டுபோனேன்.

ஒக்டோபர் 9

உண்ணிக் காய்ச்சல் இல்லை. தட்டுக்கள் சரி. சிறுநீரகம் சரி.

எக்ஸ்ரேயில் இடுப்பு. பந்து மாதிரி உருண்டையாக இருக்க வேண்டிய எலும்புத் தலை இடப்பக்கம் தட்டையாகி, ஓரத்தில் புதிதாக எலும்பு முளைத்திருக்கிறது. மூட்டுத் தேய்வு. வலது பக்கத்திலும் தொடங்கியிருக்கிறது. மாறாது, ஆனால் நோவை அடக்கலாம், நடையை வைத்திருக்கலாம் என்றார். நான் அழுதேன். டொக்டர் டிஷ்யூப் பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, சாப்பாட்டோடு ஒரு குளிசை, வாந்தி வந்தால், சாப்பாடு வேண்டாமென்றால், மலம் கறுப்பாகப் போனால் உடனே நிறுத்திவிட்டு எனக்குப் போன் எடு என்று எழுதித் தந்தார்.

31 கிலோ இருக்கிறான். 26க்கு வர வேண்டும்.

ஒக்டோபர் 10

2002இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வைப் பற்றி இரவு வாசித்தேன். 48 லாப்ரடோர்கள், சோடி சோடியாக. ஒன்று சாப்பிடுவதைவிடக் கால்வாசி குறைத்து மற்றதற்கு, குட்டியிலிருந்து சாகும்வரை. குறைவாகச் சாப்பிட்டவற்றில் பாதி 13 வயது தாண்டின, நிறையச் சாப்பிட்டவற்றில் பாதி 11.2 வயதைத்தான் தாண்டின. மூட்டுத் தேய்வும் குறைவாகச் சாப்பிட்டவற்றுக்குப் பிந்தித்தான் வந்திருக்கிறது. ஜிம்மியின் அம்மா லாப்ரடோர். ஜிம்மிக்கு இப்போது 11.

காலையில் அம்மாவிடம் கதைத்தேன். தேத்தண்ணிக்கு அவர் எடுக்கிற மாரி பிஸ்கட்டில் இவனுக்குப் பங்கு உண்டு, எத்தனையோ வருடப் பழக்கம். “அது ஒண்டும் செய்யாது” என்றார். பிறகு தானே டின்னைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தார். பிஸ்கட்டுக்குப் பதிலாகப் பச்சைப் போஞ்சி. ஜிம்மி முதலில் முகர்ந்துவிட்டுப் போனான், பிறகு வந்து சாப்பிட்டான்.

ஒக்டோபர் 12

தரை. எல்லாம் இந்தத் தரை. பழைய வீட்டில் வளவு மண், விறாந்தைச் சீமெந்து. இங்கே சுவரிலிருந்து சுவர்வரை மினுங்குகிற டைல்ஸ். அவன் எழும்புகிற நேரம் பார்த்தால் பின்கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாக விரிந்து போகின்றன, அதை இழுத்துப் பிடிக்க ஒவ்வொரு முறையும் இடுப்பால் போராடுகிறான். வழுக்குகிற தரை மூட்டை நேராகத் தேய்க்காது, ஆனால் நோகிற மூட்டுக்கு ஒரு நாளில் நூறு தரம் வேலை வைக்கும்.

பெட்டாவுக்குப் போய் அடியில் இறப்பர் உள்ள கால்மிதிகள் வாங்கிவந்தேன். படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டிவரை, சட்டியிலிருந்து வாசல்வரை ஒரு பாதை. பாத இடுக்கில் வளர்ந்திருந்த முடியை வெட்டினேன். நகம் நீளமாக இருந்தால் விரல் மேலே தள்ளுப்பட்டுப் பாதம் தரையைப் பிடிக்காது, அதையும் வெட்டியாயிற்று. படுக்கைக்கு அடியில் தடித்த பஞ்சு. சாப்பாட்டுச் சட்டியைச் சின்னக் கதிரையில் ஏற்றிவிட்டேன்.

பின்னேரம் இடி மழை, கரண்ட் போய்விட்டது, லிஃப்ட் இல்லை. பழைய துவாயை வயிற்றுக்குக் கீழே போட்டு இரண்டு நுனியையும் தூக்கிப் பிடித்து, அவன் பின்பாரத்தை நான் சுமந்து, படியால் இறக்கி ஏற்றினேன். முதல் மாடிப் பொமரேனியன் படியில் மூன்று காலில் துள்ளித் துள்ளி ஏறி, நடுவில் சாதாரணமாக நடந்து, திரும்பவும் துள்ளியது. அதைக் கூட்டிவந்த பிள்ளையிடம் சொன்னேன், அது விளையாட்டு இல்லை, முழங்காற் சில்லு நழுவி நழுவி உட்காருகிறது, ஒருக்கால் டொக்டரிடம் காட்டுங்கோ என்று. சின்ன இனங்களுக்கு அது அடிக்கடி வருவது.

ஒக்டோபர் 15

சின்னி ஜன்னலில் இல்லை.

காலையில் ரயில் போகிற சத்தம் கேட்டால் ஜன்னல் கட்டில் ஏறி உட்கார்ந்து பார்க்கிறவள். இன்று கீழே நின்று கட்டைப் பார்த்தாள், கதிரையைப் பார்த்தாள், கதிரையில் முன்கால் வைத்தாள், இறங்கிப் போய்விட்டாள். அவளுக்கு 14.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே தெரிகிறது. முதுகின் பின்பக்கம் முடி சிக்குப்பிடித்திருக்கிறது, அங்கே நக்கத் திரும்ப முடியவில்லை. நடக்கும்போது டைல்ஸில் நகம் டிக் டிக் என்கிறது. மண்பெட்டிக்கு வெளியே போயிருக்கிறாள், பெட்டியின் விளிம்பு உயரம். நேற்று அம்மா தூக்கியபோது சீறினாள். நொண்டவே இல்லை. பூனை பெரும்பாலும் நொண்டாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நோகும்போது எந்தக் காலைத் தூக்குவது? செய்வதைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். “வயசு போயிட்டுது, விடு” என்கிறார் அம்மா. 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேயைப் பார்த்த ஒரு ஆய்வில் 90இல் மூட்டோ முதுகெலும்போ தேய்ந்திருந்தது. அத்தனை வீட்டிலும் யாரோ வயது என்று சொல்லியிருப்பார்கள். நான் விடப்போவதில்லை.

ஒக்டோபர் 16

டொக்டர் முதலில் கேட்டது, ஈரல் சாப்பிடுகிறாளா. மேல்மாடி மாமி தன் பூனைக்கு அவிக்கிற நேரம் எப்போதாவது கொஞ்சம் தருவார் என்றேன். எப்போதாவது என்றால் பரவாயில்லையாம். தினமும் ஈரலே சாப்பாடாக இருக்கிற பூனைக்கு விற்றமின் ஏ சேர்ந்து சேர்ந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும், கழுத்தும் முன்கால்களும் விறைத்துவிடும். மாமிக்குச் சொல்ல வேண்டும். வெறும் சூரை மீன் மட்டும் போடுவதும் நல்லதில்லை, விற்றமின் ஈ குறைந்து உடம்புக் கொழுப்பு அழன்று, தொட்டாலே நோகும்.

சின்னிக்கு இரண்டு முழங்கை மூட்டும், முதுகின் அடியும். சிறுநீரகக் கணக்கு விளிம்பில். அதனால் மருந்து துளிக்கணக்கில், மிகக் குறைவாக. ஜிம்மியின் குளிசையைத் தப்பித்தவறியும் இவளுக்குக் கொடுக்கக்கூடாது. இரண்டு மருந்தையும் இரண்டு தட்டில் வைத்தேன், ஒன்று குசினியில், ஒன்று என் அறையில்.

வெளியே வரும்போது டொக்டர் இன்னொன்று சொன்னார். பூனை திடீரென்று கத்தி, பின்கால்கள் இழுபட்டு, பாதம் சில்லென்று இருந்தால் அது மூட்டு இல்லை. காலுக்குப் போகிற இரத்தக்குழாயில் கட்டி அடைத்திருக்கும், பெரும்பாலும் இதய நோயால். விடியட்டும் என்று பார்க்காதே.

ஒக்டோபர் 17

இரவு மூன்று மணிக்கு எழும்பிச் சின்னியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடு.

ஒக்டோபர் 18

சூடு.

ஒக்டோபர் 20

தீபாவளி. விடியப்புறமே பக்கத்து ஒழுங்கையில் சீனவெடி. ஜிம்மி பாதையை விட்டு டைல்ஸில் ஓடி, விழுந்து, குசினி மேசைக்குக் கீழே போய் நடுங்கினான். நானும் கீழே போய் அவனோடு இருந்தேன். வடை, முறுக்கு எல்லாம் அம்மா தனியாகத்தான். பின்னேரம் எழும்பவே முடியவில்லை, தூக்கித்தான் நிறுத்தினோம். முதல் நாளைவிட மோசம். இவ்வளவு செய்தும்.

ஒக்டோபர் 21

டொக்டருக்கு எடுத்தேன். மூன்று நாள் ஓய்வு, குளிசை அதே அளவு, கூட்டவே கூடாது. துவாயைச் சுடுநீரில் பிழிந்து, என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, இடுப்பில் பத்து நிமிடம்.

ஒக்டோபர் 25

அண்ணா டொரோண்டோவிலிருந்து எடுத்தான். எவ்வளவு செலவழிக்கப்போகிறாய், அதுகளை நிம்மதியாகப் போகவிடு என்றான். போகிற நிலையில் அவர்கள் இல்லை அண்ணா, நோகிற நிலையில் இருக்கிறார்கள், இரண்டும் வேறு. அவனுக்கு அது விளங்கவில்லை. பழைய வீட்டைப் பற்றியும் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

ஒக்டோபர் 28

மெரின் டிரைவில் விடியப்புறம் நடை. தட்டையான பக்கமாக, மெதுவாக, அவன் களைக்கும் முன்பே திரும்பிவிடுகிறோம். பின்னேரமும் அதே அளவு. கிழமை முழுக்கப் படுத்துக்கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நீளமாக நடப்பதுதான் இந்த மூட்டுக்கு ஆகாது. கடற்கரை மணலில் இறக்குவதில்லை, கால் புதைந்து புதைந்து இழுக்க வேண்டிவரும்.

29.8 கிலோ!

நவம்பர் 1

சின்னிக்கு ஜன்னலுக்குக் கீழே இரண்டு படி வைத்தேன், முதலாவது பால்மா வந்த காட்போட் பெட்டி, இரண்டாவது அம்மாவின் பூசைப் பலகை, அம்மாவே எடுத்துத் தந்தார். மண்பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டினேன். பலகைவரை ஏறினாள்.

நவம்பர் 3

ஜிம்மி இன்று எழும்பியதும் நின்று யோசிக்கவில்லை, நேராகத் தண்ணீருக்குப் போனான். ஆனால் காலைச் சாப்பாட்டை மிச்சம் வைத்துவிட்டான். இது போஞ்சி பிடிக்காததா, மருந்தா? மலத்தைப் பார்த்தேன், நிறம் வழமை. முரசு இளஞ்சிவப்பு. இன்றைய குளிசையைக் கொடுக்கவில்லை. கிளினிக் ஒன்பதுக்குத் திறக்கும், இப்போது எட்டரை. சின்னியின் வீடியோவையும் கொண்டுபோகிறேன், இறங்கும்போது வலது முன்காலை முதலில் வைக்கப் பயப்படுகிறாள்.

ஓட்டோ வந்துவிட்டது.