கப்பல் வடிவமைப்புத் தாள்: ஃப்ரீ சர்ஃபேஸை விட்டுவிட்டு ஜிஎம் எழுதாதீர்கள்

ரிசல்ட் வந்த நிம்மதியில், சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன். சிலபஸும் மார்க் பிரிப்பும் உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். இந்தத் தேர்வுத் தாளில் ஆளைக் கவிழ்ப்பது ஸ்டெபிலிட்டி, அதாவது சாய்ந்த கப்பல் திரும்ப நிமிரும் திறன். ஸ்டெபிலிட்டியில் கவிழ்ப்பது ஃப்ரீ சர்ஃபேஸ், அதாவது அரைகுறையாக நிரம்பிய தொட்டியில் தாராளமாக நகரும் திரவப் பரப்பு. மற்றதெல்லாம் என் கணக்கில் இரண்டாம்பட்சம்.

பல கேள்விகளில் அந்தச் சொல்லே வராது. "டபுள் பாட்டம் தொட்டியிலிருந்து 150 டன் எரிபொருள் எடுக்கப்படுகிறது" என்று மட்டும் இருக்கும் (டபுள் பாட்டம் என்பது கப்பலின் அடியிலுள்ள இரட்டைத் தளம்). அந்த ஒரு வரியில் மூன்று வேலை ஒளிந்திருக்கிறது. அடியிலிருந்து எடை போவதால் கேஜி (கப்பலின் அடியிலிருந்து எடை மையத்தின் உயரம்) ஏறும். டிஸ்பிளேஸ்மென்ட் (கப்பலின் மொத்த எடை) குறையும். முழுசாக நிரம்பியிருந்த தொட்டி அரைகுறையாகி, கப்பல் சாயும் பக்கமே திரவமும் ஓடும். மூன்றாவதை விட்டால் ஜிஎம் (எடை மையத்திலிருந்து மெட்டாசென்டர் என்ற புள்ளியின் உயரம், ஸ்டெபிலிட்டியின் அளவுகோல்) உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்; தப்பு ஆபத்தான பக்கமாகப் போகும்.

எண்களோடு பாருங்கள். செவ்வகத் தொட்டி, நீளம் 12 மீ., அகலம் 10 மீ. நீளத்தை அகலத்தின் மூன்றாம் அடுக்கால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் திரவப் பரப்பின் இனர்ஷியா (இரண்டாம் திருப்புத்திறன்) 1,000. எரிபொருள் அடர்த்தி கன மீட்டருக்கு 0.9 டன், எடுத்த பிறகு டிஸ்பிளேஸ்மென்ட் 10,250 டன். திருத்தம்: 1,000 × 0.9 ÷ 10,250 = 0.088 மீ. திருத்தத்துக்கு முன் ஜிஎம் 0.20 மீ. என்றால் மிஞ்சுவது 0.112 மீ. சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவின் 2008 இன்டாக்ட் ஸ்டெபிலிட்டி கோட் (சேதமில்லாத கப்பலுக்கான ஸ்டெபிலிட்டி விதிகள்) கேட்கும் குறைந்தபட்சம் 0.15 மீ.; கப்பல் தேறாது. இதே தொட்டிக்கு நட்டநடுவில் நீளவாக்கில் ஒரு பல்க்ஹெட் (தடுப்புச் சுவர்) வையுங்கள். பாதிக்கு 125, இரண்டும் சேர்ந்து 250. திருத்தம் 0.022 மீ., ஜிஎம் 0.178 மீ. ஜிஎம் நிபந்தனை தாண்டியாயிற்று.

மார்க் கசியும் இடங்கள்:

- பல்க்ஹெட் வைத்ததும் எட்டில் ஒன்று என்று எழுதுவது. அது ஒரு பாதிக்கு மட்டும். இரண்டு பாதியிலும் திரவம் இருந்தால் நாலில் ஒன்று.
- தொட்டியில் எண்ணெய் இருக்க, கடல்நீரின் 1.025-ஐப் போடுவது.
- தொட்டி நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று தேடுவது. இந்தத் திருத்தத்துக்கு அது தேவையே இல்லை.
- பழைய டிஸ்பிளேஸ்மென்ட்டால் வகுப்பது.

ஜிஎம் நெகட்டிவ் வந்தால் பதறாதீர்கள், அடுத்த பிரிவு ஆங்கிள் ஆஃப் லால் (அப்படிப்பட்ட கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும் கோணம்) பற்றித்தான் இருக்கும். சுவர்ப்பக்கச் சூத்திரத்தில் (கப்பலின் பக்கங்கள் செங்குத்து என்று கொள்வது) ஜிஇசட்டை, அதாவது நிமிர்த்தும் விசையின் நெம்புகோல் நீளத்தை, பூஜ்யமாக்கினால் கோணம் கிடைத்துவிடும். சரிசெய்வது எப்படி என்ற கேள்விக்குத்தான் நிதானம் வேண்டும். உயர்ந்த பக்கத் தொட்டியை முதலில் நிரப்பலாம் என்று எழுதினால் தீர்ந்தது: கப்பல் மறுபக்கம் வேகமாகப் புரண்டு, முன்னைவிட அதிகம் சாய்ந்து கவிழவும் கூடும். பிரிக்கப்பட்ட, சிறிய டபுள் பாட்டம் தொட்டியில் தாழ்ந்த பக்கத்தை முதலில் நிரப்ப வேண்டும். நிரம்பும்வரை ஃப்ரீ சர்ஃபேஸால் சாய்வு கொஞ்சம் கூடத்தான் செய்யும். அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

ஸ்ட்ரெங்த் (கப்பல் உடலின் வலிமை) பகுதிக்குச் சொல்ல அதிகமில்லை. ஷியர் ஃபோர்ஸ் (வெட்டு விசை) வளைவு கப்பலின் கடைசி முனையில் பூஜ்யத்தில் முடியாவிட்டால், மொத்த எடையும் மிதப்பு விசையும் சமமாகவில்லை. ஷியர் பூஜ்யத்தில் முடிந்தும் பெண்டிங் மொமென்ட் (வளைக்கும் திருப்புத்திறன்) அப்படி முடியவில்லையா? எடை மையமும் மிதப்பு மையமும் ஒரே செங்குத்துக் கோட்டில் இல்லை. இது காசில்லாமல் கிடைக்கும் சரிபார்ப்பு. செக்ஷன் மாடுலஸில் (குறுக்குவெட்டு வளைவைத் தாங்கும் திறனின் அளவு) பாதிக் குறுக்குவெட்டுக்குக் கணக்குப் போட்டால் கடைசியில் இரட்டிப்பாக்குங்கள். ஹேட்ச் (சரக்கு இறக்கும் வாய்) திறப்பு இருக்கும் அகலத்தை டெக் தகட்டில் சேர்க்காதீர்கள். வளைவின் பரப்பைக் கணக்கிடும் சிம்ப்சன் முதல் விதிக்கு இடைவெளிகள் இரட்டைப்படை, இரண்டாம் விதிக்கு மூன்றின் மடங்கு.

பாய்மர யாட் கேள்வியைப் பலர் சாய்ஸில் விடுகிறார்கள். எனக்கென்னவோ அதுதான் லாபமான கேள்வி. ஆனால் கப்பல் கணக்கின் பழக்கத்தில் ஜிஎம் × சைன் தீட்டா போட்டுவிடாதீர்கள். அது சுமார் 10 பாகை வரைதான் ஓடும், யாட் 25 பாகை சாய்ந்தே சாதாரணமாகப் போகும். ஜிஇசட் வளைவை அது மறையும், அதாவது பூஜ்யமாகும், கோணம்வரை வரையுங்கள். பாலாஸ்ட் விகிதம் (படகின் எடையில் நிலைப்புக்காக வைக்கும் பாரத்தின் பங்கு) 40 சதவீதம் என்றால் மட்டும் பத்தாது: அதே ஈயம் ஆழமான கீலின் (படகின் அடியில் நீளும் துடுப்பு போன்ற பகுதி) அடியில் பல்பாக இருப்பதும் ஆழமில்லாத நீளக் கீலில் பரவியிருப்பதும் ஒன்றல்ல.

பாய் மையத்தை நீரடிப் பக்கத்தோற்ற மையத்துக்குச் சற்று முன்னால் வைப்பது ஏன் என்ற கேள்விக்கு, படத்தோடு காரணமும் வேண்டும். படகு சாயும்போது பாயின் உந்துவிசை காற்று போகும் பக்கம் வெளியே நகர்ந்து, முகப்பைக் காற்றை நோக்கித் திருப்பப் பார்க்கும். அந்த முன்தள்ளல் அதைச் சமன் செய்கிறது.

ரெசிஸ்டன்ஸ் (நீரின் எதிர்ப்பு) கணக்கில் ஐடிடிசி 1957 கோட்டுக்குக் (உராய்வு எதிர்ப்புக்கான சூத்திரம்) கால்குலேட்டரில் 10 அடிமான லாக்கை அழுத்துங்கள். சோதனைத் தொட்டியின் மாதிரிக் கப்பலுக்கு நன்னீர், நிஜக் கப்பலுக்குக் கடல்நீர். ரெனால்ட்ஸ் எண் (வேகம் × நீளம் ÷ நீரின் இயக்கப் பாகுநிலை) இரண்டுக்கும் தனித்தனி.