மியாட்டாவுக்கு டிரெய்லர் ஹிட்ச்: நான்கு டயர் இழுக்கும் அளவுக்கு மட்டும்

அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் (கூம்புகளுக்கு நடுவே நேரம் பார்த்து ஓட்டும் கார்ப் பந்தயம்) மைதானங்களுக்குப் போனால், பழைய மாஸ்டா மியாட்டாவுக்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் ஒரு குட்டி டிரெய்லர் நிற்பதைப் பார்க்கலாம். பந்தய டயர் நான்கையும் வீலோடு ஏற்ற அந்தக் காரில் இடம் கிடையாது. பாட்டரியும் ஸ்டெப்னியும் டிக்கியிலேயே உட்கார்ந்திருக்கின்றன. மிச்ச இடத்தில் ஒரு பை வைக்கலாம், அவ்வளவுதான். பந்தய டயரையே மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் போனால் மென்மையான ரப்பர் வழியிலேயே தேய்ந்துபோகும், மழை வந்தால் பிடிப்பும் இருக்காது. ஆகவே ஹிட்ச், அதாவது காரின் பின்னால் டிரெய்லரைப் பூட்டும் இணைப்பு.

இங்கே சொல்வது முதல் தலைமுறை வண்டி பற்றி: 1.6 லிட்டர் என்ஜின், 116 குதிரைசக்தி, சுமார் 960 கிலோ எடை. டிரெய்லர் இழுக்க மாஸ்டா இதை வடிவமைக்கவில்லை. எனவே வேலை தொடங்குமுன் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் மாநிலப் போக்குவரத்து அலுவலகத்திடமும் கேட்டுவிட வேண்டும். டிரெய்லர் பதிவு விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இழுக்கும் திறன் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது பிரச்சினையே அல்ல. 190 கிலோவை இந்த என்ஜின் சிரமமில்லாமல் இழுக்கும். வரம்பு வைப்பவை மூன்று: பின்பக்கத் தகரம், பின் சஸ்பென்ஷன், பிரேக். ஹிட்ச்சின் ஒவ்வொரு பாகத்தையும் இந்த மூன்றை மனதில் வைத்தே தேர்ந்தெடுத்தோம்.

எடைக் கணக்கு

டிரெய்லர், 40க்கு 48 அங்குலத் தளம் கொண்ட, போல்ட் போட்டுப் பூட்டும் சாதாரண வகை. 15 அங்குல வீலோடு ஒரு டயர் 16 கிலோ என்றால் நான்கும் 64. பிளைவுட் தளம், பெட்டி, ஜாக், கருவிகள் எல்லாம் சேர்த்து மொத்தம் 190 கிலோவைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். அதில் 10 முதல் 12 சதவீதம் ஹிட்ச் மேல் இறங்க வேண்டும். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றும்போது பார்க்கும் அதே முன்பாரம்தான் இது. 190 கிலோவுக்கு 19 முதல் 23 கிலோ வரும். ஹிட்ச்சை 25 கிலோவுக்குக் கணக்கிட்டோம்.

25 கிலோ முன்பாரம் என்றால் பின் அச்சுக்கு 25தான் கூடும் என்று நினைக்கக் கூடாது. ஹிட்ச் பந்து (டிரெய்லரின் முன்முனை கவ்விக்கொள்ளும் இரும்பு உருண்டை) பின் அச்சுக்கு ஏறக்குறைய 95 செ.மீ. பின்னால் இருக்கிறது, இரு அச்சுகளுக்கும் இடைவெளி 2,265 மி.மீ. நெம்புகோல் கணக்கில் பின் அச்சுக்குச் சுமார் 35 கிலோ கூடும், முன் அச்சில் 10 கிலோ குறையும். ஸ்பிரிங்கைத் தாழ்த்திய வண்டியில் இந்த 35 கிலோவே பின்பக்கத்தை பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷனின் எல்லையில் உள்ள ரப்பர்த் தடுப்பு) வரை அழுத்திவிடலாம். அப்படிப்பட்ட வண்டிக்கு முதலில் சஸ்பென்ஷனைச் சரிசெய்துவிட்டுப் பிறகு ஹிட்ச் பற்றி யோசிக்கலாம்.

டிரெய்லரில் பிரேக் கிடையாது. ஓட்டுநரோடு 1,050 கிலோ உள்ள கார், 190 கிலோவைத் தன் நான்கு டயரை மட்டுமே நம்பி நிறுத்த வேண்டும். டயரின் பிடி எல்லை வரை பிரேக் அடித்தால் நிற்கும் தூரம் ஏறக்குறைய 18 சதவீதம் நீளும். வளைவில் பிரேக் அடித்தால் நிலைமை இன்னும் மோசம். எடை முன்னுக்குச் சாயும் நேரத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும், பின்பக்கம் விலகப் பார்க்கும். பிரேக்கை வளைவுக்கு முன்பே நேர்ச்சாலையில் முடித்துவிட வேண்டும்.

ஹிட்ச்

அமெரிக்கத் தர வரிசையில் மிக லேசான முதல் வகுப்பு (Class I) ஹிட்ச் போதும். பந்தைத் தாங்கும் தண்டு செருகும் ரிசீவர் குழாயின் உள்ளளவு 1¼ அங்குலம், தர வரம்பு 2,000 பவுண்டு இழுவை, 200 பவுண்டு முன்பாரம். அந்த எண் ஹிட்ச்சுக்கானது; காருக்கானது அல்ல. 2 அங்குல ரிசீவர் போட்டால் எடைதான் கூடும். அதோடு யாராவது ஒருநாள் அதில் சைக்கிள் ரேக் மாட்டி நான்கு சைக்கிளைத் தொங்கவிடுவார்கள்.

குறுக்குக் குழாய் 50×50 மி.மீ., 4 மி.மீ. தடிப்பு. இருபுறமும் 6 மி.மீ. தகடுகள், நடுவில் ரிசீவர், அதன் இரு பக்கமும், டிரெய்லர் கழன்றால் பிடித்துக்கொள்ளும் சங்கிலியை மாட்ட வளையங்கள். எல்லாம் சேர்த்து 10 கிலோ. சங்கிலி வளையம் குறுக்குக் குழாயோடு வெல்டிங் ஆகியிருக்க வேண்டும். கழற்றக்கூடிய பந்துத் தண்டில் சங்கிலியை மாட்டினால், தண்டு உருவிக்கொண்டு போகும் நாளில் சங்கிலியும் கூடவே போகும்.

பக்கத் தகடுகள் உடலின் பின் சட்டங்களில் உட்காருகின்றன. போல்ட் வலுவா என்ற கேள்விக்குக் கணக்கு சுலபம். 25 கிலோ முன்பாரம், பந்து குறுக்குக் குழாயிலிருந்து 30 செ.மீ. பின்னால்: முறுக்கு 74 நியூட்டன் மீட்டர். குழியில் விழும்போது மூன்று மடங்கு என்று வைத்தால் 220. இரு பக்கமாகப் பிரித்து, போல்ட்களுக்கு இடையே 12 செ.மீ. தூரம் கொடுத்தால், ஒரு போல்ட்டை இழுக்கும் விசை சுமார் 920 நியூட்டன். 8.8 தர எம்10 (10 மி.மீ. விட்டம்) போல்ட்டுக்கு இது கொசுக்கடி. ஆனால் போல்ட் பிடித்திருப்பது மெல்லிய தகரம். சிறிய வாஷர் போட்டால் தகரம் அதன் விளிம்பில் மேலும் கீழும் வளைந்து வளைந்து, கடைசியில் துளையைச் சுற்றி விரிசல் விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஹிட்ச்சைக் கையால் ஆட்டும்போது மட்டும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும்.

அதற்காக ஒவ்வொரு துளைக்கும் உள்பக்கம் 4 மி.மீ. தடிப்பு, 50×80 மி.மீ. அளவுள்ள தாங்கு தகடு. மூலைகளை அரத்தால் உருட்டிவிட வேண்டும். பெட்டிச் சட்டத்தின் இரு சுவர்களையும் ஊடுருவிப் போகும் போல்ட்டுக்கு உள்ளே குழாய்த் துண்டு கட்டாயம். அது இல்லாமல் முறுக்கினால் சட்டம் நசுங்கும். நசுங்கிய பிறகு டார்க் ரென்ச் காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

சட்டத்துக்குள் கை போகாத இடத்தில் சுருள் முனைக் கம்பி உதவும். கம்பியை போல்ட் துளை வழியாக உள்ளே விட்டு, பெரிய திறப்பு வழியாக வெளியே எடுத்து, முதலில் தாங்கு தகட்டைக் கோத்து, பிறகு சுருளில் போல்ட்டின் மரை முனையைத் திருகி, அப்படியே இழுத்தால் இரண்டும் இடத்தில் வந்து உட்காரும். நட் இரண்டு மரை பிடிக்கும் வரை கம்பியை விட்டுவிடக் கூடாது. போல்ட் சட்டத்துக்குள் விழுந்தால் காந்தம் வைத்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

காரில் ஏற்கெனவே உள்ள எம்10 துளைகளைப் பயன்படுத்தினால் மரையின் இடைவெளியைக் கவனிக்க வேண்டும். ஜப்பானிய வண்டிகளில் எம்10க்கு 1.25 மி.மீ. நெருக்க மரை. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 1.5. இரண்டு சுற்று கையால் போகும், அதன்பின் ஸ்பானர் போட்டால் உள்மரை போச்சு. துருப்பிடித்த உள்மரைக்கு முதல்நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டு, மறுநாள் மரை வெட்டும் 10×1.25 டேப்பைக் கால் சுற்று முன்னே, எட்டில் ஒரு சுற்று பின்னே என்று விட்டுச் சுத்தம் செய்த பிறகே புது போல்ட். முறுக்கு 45–50 நியூட்டன் மீட்டர், மரையில் எண்ணெய் இல்லாமல்.

புதிதாகத் துளை போடும் இடத்தில் டிரில் வைக்கும் முன் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்: வயர், எரிபொருள் குழாய், ஸ்டெப்னிக் குழி. 3 மி.மீ. வழிகாட்டித் துளை, பிறகு 6, கடைசியில் 10.5. பிசிறு எடுத்து, துத்தநாக பிரைமர் அடித்து, அது காய்ந்த பின்பே பூட்ட வேண்டும். டிக்கித் தளத்தில் வந்த துளைகளுக்கு மேலே, தண்ணீர் புகாமல் அடைக்கும் சீம் சீலர். சட்டத்துக்குள் விழுந்த இரும்புத் தூளை உறிஞ்சி எடுத்து, துருவைத் தடுக்கும் கேவிட்டி வேக்ஸ் தெளிக்காவிட்டால், அடுத்த குளிர்காலத்தில் பனிக்காகச் சாலையில் தூவும் உப்பில் துரு உள்ளிருந்து தொடங்கும்.

சைலன்சர் பின்புறம் குறுக்காகக் கிடப்பதால் வேலை நேரத்தில் அதை இறக்கிவிடுவது நல்லது. தொங்கும் ரப்பர்களில் சோப்புத் தண்ணீர் விட்டால் நழுவி வந்துவிடும். திரும்ப மாட்டியதும் அதைக் கையால் நாற்புறமும் தள்ளிப் பார்க்க வேண்டும். எந்த நிலையிலும் ஹிட்ச்சுக்கும் அதற்கும் 25 மி.மீ. இடைவெளி வேண்டும். ஓடும்போது சைலன்சர் நாம் நினைப்பதைவிட அதிகம் ஆடும். இடித்தால் டிக்கி முழுக்க முழங்கும்.

பந்தின் உயரம்

இந்தக் காரில் ரிசீவர் தரைக்கு 28 செ.மீ. உயரத்தில்தான் வருகிறது. 8 அங்குலச் சக்கர டிரெய்லர் மட்டமாக நிற்கும்போது, பந்தைக் கவ்வும் அதன் முன்முனையான கப்ளர் ரிசீவரைவிட 10 செ.மீ. மேலே. எனவே மேல்நோக்கி ஏறும் பந்துத் தண்டு வேண்டும். மட்டம், அல்லது முன்பக்கம் ஒரு விரல் தாழ்வு, அதுதான் சரி. பந்து 1⅞ அங்குலம். கப்ளரின் மேல் பொறித்திருக்கும் அளவைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். 2 அங்குலக் கப்ளர் 1⅞ பந்தின் மேல் உட்கார்ந்து பூட்டியது போலவே தோன்றும், முதல் பெரிய குழியில் தூக்கிக்கொள்ளும். முக்கால் அங்குலத் தண்டுள்ள பந்தின் நட்டுக்கு 160 அடி-பவுண்டு முறுக்கு.

டிரெய்லர் இல்லாத நாளில் பந்துத் தண்டைக் கழற்றி வைத்துவிடலாம். நம்பர் பிளேட் அதற்கு நேர் மேலே இருக்கிறது; பிளேட்டை மறைப்பது சில மாநிலங்களில் குற்றம். கூடவே, வீட்டு வாசல் சரிவில் முதலில் உரசுவதும் அதுதான்.

வயரிங்

பெரும்பாலான சிறு டிரெய்லர்களில் பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் ஒரே பல்பு. அமெரிக்க மியாட்டாவிலோ இண்டிகேட்டர் தனியாக ஆரஞ்சு, பிரேக் தனியாகச் சிவப்பு. நேரடியாக ஒட்டினால் பிரேக் அடிக்கும்போது இண்டிகேட்டர் வயருக்கும் கரண்ட் போகும். நடுவில் கன்வெர்ட்டர் பெட்டி வேண்டும், அதுவும் பாட்டரியிலிருந்து தனி மின்சாரம் எடுக்கும் வகை. அப்போது காரின் பழைய வயரிங்கும் ஃப்ளாஷரும் டிரெய்லர் பல்புகளின் சுமையைச் சுமக்க வேண்டியதில்லை. பாட்டரி டிக்கியின் வலது மூலையிலேயே இருப்பதால் ஒரு மீட்டர் வயரில் வேலை முடிகிறது. பாட்டரி முனையிலிருந்து 15 செ.மீ.க்குள் 10 ஆம்ப் ப்யூஸ்.

நான்கு முனை தட்டை இணைப்பில் வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. காரின் பக்கத்து வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். முப்பது வயது வண்டியில் யார் யார் கை வைத்தார்களோ. ஒவ்வொன்றாகப் போட்டு டெஸ்ட் லேம்ப்பால் உறுதி செய்துகொள்ளலாம். இணைப்பு முனையை டிக்கி ரப்பருக்கு அடியில் வெளியே விட்டால் துளையும் வேண்டாம், வேண்டாதபோது உள்ளேயே நனையாமல் கிடக்கும்.

சோதிக்கும்போது தனித்தனியாகப் பார்த்தால் போதாது. பிரேக்கை மிதித்தபடி இடது இண்டிகேட்டர் போட வேண்டும்: இடது மினுக்க வேண்டும், வலது அசையாமல் எரிய வேண்டும். பின்விளக்கையும் சேர்த்துப் போட்டதும் எல்லாம் மங்கலாகிச் சேர்ந்து துடித்தால் எர்த் கோளாறு. பந்தின் வழியே கிடைக்கும் எர்த் கிரீஸ் பட்டதும் விட்டுவிட்டு வரும். வெள்ளை வயரை டிரெய்லர் சட்டத்தில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் தனியாகப் பூட்டினால் சரியாகிவிடும்.

டிரெய்லர் பக்கம்

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காரின் 14 அங்குல வீல் நிமிடத்துக்குச் சுமார் 920 சுற்று சுற்றுகிறது, 4.80-8 டயரோ 1,300. சிறு சக்கர டிரெய்லர்கள் வழியில் நிற்பதற்கு பேரிங்தான் வழக்கமான காரணம். புதிதாக வந்த டிரெய்லரானாலும் ஹப்பைப் பிரித்து, தொழிற்சாலை கிரீஸைத் துடைத்து, உருளைகளுக்கு இடையே புகும்படி நல்ல கிரீஸ் அடைத்து, நட்டைக் கையிறுக்கத்துக்கு வைத்து, அது கழலாமல் தடுக்கும் காட்டர் பின் போட வேண்டும். இந்த டயருக்கு 60 பவுண்டு காற்று. காரின் 26 பவுண்டு பழக்கத்தில் விட்டால் சூடேறி வெடிக்கும்.

முன்பாரத்தை அளக்க வீட்டுத் தராசு போதும். மரக்கட்டை வைத்துப் பந்தின் உயரத்துக்குக் கொண்டுவந்து, கப்ளரை அதன்மேல் இறக்கினால் எண் தெரிந்துவிடும். 19 கிலோவுக்குக் கீழே வந்தால் டயர்களை முன்னே நகர்த்த வேண்டும். பின்பாரமான டிரெய்லர் 80 கி.மீ.யில் வாலாட்டத் தொடங்கும். அப்போது பிரேக்கை அழுத்தாமல், ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருப்பதுதான் வழி.

அடுத்த வேலை டிரெய்லரின் ஏர்க்காலை 60 செ.மீ. நீட்டுவது. இப்போதுள்ள நீளத்தில் ரிவர்ஸ் எடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் மடங்கிக்கொள்கிறது, தளத்தின் மூலை பம்பரைத் தொடப் பார்க்கிறது. அச்சு இருக்கும் இடத்திலேயே இருந்து ஏர்க்கால் மட்டும் நீண்டால் முன்பாரம் குறையும் என்பதால், டயர் அடுக்கைத் தளத்தின் முன் விளிம்புக்குக் கொண்டுவந்து மறுபடி தராசில் வைக்க வேண்டும். அதுவரை ரிவர்ஸுக்கு ஒரே வழி, கழற்றிக் கையால் தள்ளுவது. 190 கிலோ சமதரையில் ஒருவருக்கே நகர்கிறது.

ஹிட்ச் போல்ட்களை முதல் 80 கி.மீ. ஓட்டத்துக்குப் பின் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். பெயின்டும் பிரைமரும் நசுங்கி இறங்குவதால் கொஞ்சம் தளரும். அப்போதே போல்ட் தலையிலிருந்து தகடு வரை மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிட்டால், பிறகு ஸ்பானர் எடுக்காமல் குனிந்து பார்த்தாலே எது நகர்ந்தது என்று தெரியும்.