யார் முதலில் வேண்டாம் என்றது

“அரசாங்க ஆஸ்பத்திரி வேண்டாம், பாக் (ஐயா)” என்று வேலை பெர்மிட் இல்லாத அந்த வெளிநாட்டுத் தொழிலாளி மலாயில் சொன்னார். நான் சரி என்றேன். மலேசியாவின் ஜொகூரில், ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் நான் கணக்கு எழுத, அவர் குலை வெட்ட இருந்த 2018-இல், கிளினிக்கில் நடந்த இந்தப் பேச்சில் உண்மையில் யார் முதலில் வேண்டாம் என்றது என்பது எனக்கு இன்னும் தெளியவில்லை.

குலை வெட்டும் கோலின் அரிவாள் நழுவி அவருடைய வலது முன்கையைக் கிழித்திருந்தது. தனியார் கிளினிக்கில் தையல் போட்ட டாக்டர், உள்ளே தசைநாண் அறுந்திருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்தால்தான் விரல் மடங்கும் என்றார். நான் உடனே பதில் சொல்லாமல் வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்த பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

அவருடைய பயம் பொய்யில்லை. பெர்மிட் இல்லாத வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் புகார் செய்ய வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டுச் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை சொல்கிறது. பிடிபட்டால் சிறை, பிரம்படி வரை போகலாம். ஆனால் அப்படிப்பட்டவரை வேலைக்கு வைத்தவருக்கும் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு என்பது எனக்கு மனப்பாடம்.

அவரைக் கொண்டுவந்தவர் தோட்டத்துக்கு ஆள் தரும் குத்தகைக்காரர், எங்கள் செக்ரோலில் (ஆள் பதிவேட்டில்) அவர் பெயரே இல்லை, வெட்டிய பழத்தின் டன் கணக்கு மட்டும்தான் எங்களுடையது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளிநாட்டுத் தொழிலாளிக்காக அரசுக்குக் கட்டவேண்டிய ஆண்டுக்கு 640 ரிங்கிட் லெவி, மருத்துவப் பரிசோதனை, காப்புறுதி எதையும் கட்டாததால்தான் குத்தகைக்காரரால் டன்னுக்கு விலையை அவ்வளவு குறைத்துச் சொல்ல முடிந்தது என்பது கணக்கு எழுதுகிற எனக்குத் தெரியாததல்ல. பெர்மிட் உள்ள ஆள் கிடைக்காமல் பழம் மரத்திலேயே அழுகிய மாதங்களும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு 1969-இல் வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டைக்காரரான என் தாத்தா பால்மரம் (ரப்பர் மரம்) சீவப் போக முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். கிளினிக்கில் அது நினைவுக்கு வரவில்லை.

“வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம், நான் கூட இருக்கிறேன்” என்று நான் முதலில் சொல்லியிருந்தால் அவர் மறுத்திருப்பாரா? மறுத்திருக்கலாம். அப்படி மறுத்திருந்தால் அது அவருடைய முடிவாகவாவது இருந்திருக்கும்.

கட்டுப் பிரித்தபோது இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கோல் பிடிக்க முடியாதவருக்கு உதிரிப் பழம் பொறுக்கும் வேலை வாங்கிக் கொடுத்து, கைவிடவில்லையே என்று ஆறுதல் பட்டேன். மூட்டையின் வாயை இடது கையால் முறுக்கி, பல்லால் கயிற்றை இழுத்துக் கட்டுவார். மூன்றாம் மாதம் சொல்லாமல் போய்விட்டார். கடைசி வாரத்து 14 மூட்டைக்கான கூலியைக் குத்தகைக்காரரிடம்தான் கொடுத்தேன்.