பைத்தான் பேக்கேஜை நிறுவி, அதன் ஆவணங்களை பில்டு செய்து பார்த்தேன்

பைத்தான் பேக்கேஜ் ஒன்றை மூலநிரலிலிருந்து நிறுவி, அதன் ஆவணங்களையும் என் கணினியிலேயே பில்டு செய்து முடித்தாயிற்று. இதையே செய்யப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் வென்வ், அதாவது ஒரு ப்ராஜெக்ட்டுக்கென்று தனியாக ஒதுக்கிய பைத்தான் சூழல். டெபியன், உபுண்டுவின் புதிய பதிப்புகளில் அது இல்லாமல், பேக்கேஜ்களை நிறுவும் பிப் கருவியை ஓட்டினால், இந்தப் பைத்தானை சிஸ்டம் நிர்வகிக்கிறது என்று சொல்லி நிறுத்திவிடும். மீறிப் போக ஒரு ஆப்ஷன் உண்டு, தயவுசெய்து அதைத் தொடாதீர்கள், சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைத்தானில்தான் ஓடுகின்றன.

அப்புறம் கிட்டில் மூலநிரலைக் குளோன் (நகல்) செய்து எடிட்டபிள் இன்ஸ்டால், அதாவது நிரலில் செய்யும் மாற்றம் மறுபடி நிறுவாமலே பலிக்கும்படி நிறுவுவது: பிப் இன்ஸ்டால், ஹைபன் ஈ, ஒரு புள்ளி, அதை ஒட்டியே சதுர அடைப்புக்குள் டாக்ஸ். ஆவணங்களுக்கு வேண்டிய கூடுதல் நூலகங்களைக் குறிக்கும் இந்த டாக்ஸ் என்ற பெயர் எல்லா ப்ராஜெக்ட்டிலும் இருக்காது, ப்ராஜெக்ட்டின் அமைப்புகள் இருக்கும் பைப்ராஜெக்ட் டாமல் கோப்பில் ஆப்ஷனல் டிபென்டன்சி பகுதியைத் திறந்து பார்த்துவிடுங்கள். சிலர் டாக்ஸ் ஃபோல்டருக்குள் தனி ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பு வைத்திருப்பார்கள். டெர்மினலில் கட்டளைகளை வாங்கும் ஷெல் ஜீஷெல்லாக (zsh) இருந்தால், அதில் சதுர அடைப்புக்கு வேறு அர்த்தம் இருப்பதால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும்.

நிறுவுவது இவ்வளவுதான்.

ஆவணங்களை உருவாக்கும் ஸ்ஃபிங்க்ஸ், பைத்தானின் சொந்த ஆவணங்களுக்காக எழுதப்பட்டு 2008-இல் வெளிவந்தது. அதிலுள்ள ஆட்டோடாக் என்ற பகுதி, நிரலை வெறும் எழுத்தாகப் படிப்பதில்லை, ஒவ்வொரு மாட்யூலையும் நிஜமாகவே இம்போர்ட் செய்துதான், நிரலுக்குள்ளேயே எழுதிய விளக்கமான டாக்ஸ்ட்ரிங்கை எடுக்கிறது. ஆகவே ஆவண பில்டு என்பது நிறுவியது சரியா என்பதற்கான சோதனையும்தான், அதுவும் டெர்மினலில் ஒரு வரி இம்போர்ட் செய்து பார்ப்பதைவிடக் கறாரான சோதனை.

எனக்கு அது கண்ணெதிரே தெரிந்தது. டெர்மினலில் பேக்கேஜ் இம்போர்ட் ஆனது, பில்டும் வெற்றி என்று முடிந்தது, ஆனால் ஒரு பக்கத்தில் தலைப்பு மட்டும் இருந்தது, கீழே ஒரு ஃபங்ஷன்கூட இல்லை. மேலே ஓடிப்போன வரிகளுக்குள் ஓர் எச்சரிக்கை. படம் வரையும் மாட்யூல் மேட்பிளாட்லிப் என்ற வரைபட நூலகத்தைக் கேட்கிறது, டாக்ஸ் பட்டியலில் அது இல்லை. ஸ்ஃபிங்க்ஸின் அமைப்புகள் இருக்கும் கான்ஃப் கோப்பில் ஆட்டோடாக் மாக் இம்போர்ட்ஸ் என்ற பட்டியலில் அதன் பெயரைச் சேர்த்து ஒரு போலி மாட்யூலை வைத்துச் சமாளிக்கலாம்தான். எனக்கு அதில் விருப்பமில்லை. நிறுவ முடிகிற நூலகமாக இருந்தால் நிறுவிவிடுவதே சரி, பெரிய ஜிபியு நூலகங்களுக்கு மட்டும் போலி போதும்.

அதற்குப் பிறகு ஹைபன் பெரிய டபிள்யூ (-W) என்ற ஆப்ஷன் இல்லாமல் பில்டு செய்வதே இல்லை. எச்சரிக்கை எதுவாக இருந்தாலும் அது பிழையாக்கிவிடும், வெற்றுப் பக்கம் நழுவிப் போகாது. ஸ்ஃபிங்க்ஸ் பில்டு கட்டளைக்குப் பதில் பைத்தான் ஹைபன் எம் ஸ்ஃபிங்க்ஸ் என்று ஓட்டுவதும் நல்லது, எந்தப் பைத்தானில் நிறுவினோமோ அதுவேதான் ஓடுகிறது என்பது உறுதியாகும்.

இன்னொன்று: ஸ்ஃபிங்க்ஸ் மாறிய பக்கங்களை மட்டும்தான் திரும்ப எழுதும், அதனால் பக்கங்களின் பட்டியலான டாக்ட்ரீயில் புதுப் பக்கம் சேர்த்தால் பழைய பக்கங்களின் பக்கப்பட்டியில் அது வராமல் போகலாம். பில்டு ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும்.

அடுத்து டாக்டெஸ்ட் பில்டர். ஆவணத்தில் உள்ள உதாரணங்களை ஓட்டி, எழுதியிருக்கும் விடையே வருகிறதா என்று அது பார்க்கும். கான்ஃப் கோப்பில் எக்ஸ்டென்ஷனைச் சேர்த்துவிட்டேன், இனி ஓட்ட வேண்டும்.