ஏறாத விடிவெள்ளி

பறக்கும் தட்டைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நேரில் போய் விசாரிப்பது எங்கள் பினாங்கு குழுவின் வேலை. எல்லாரும் தன்னார்வலர்கள், பெட்ரோல் காசுகூட நம்முடையதுதான்.

"எவ்வளவு பெரிசு?" என்று மட்டும் கேட்கவே கூடாது. "பஸ் அளவு" என்பார்கள். தூரம் தெரியாமல் அளவு எப்படித் தெரியும்? அதனால் கையை நேராக நீட்டச் சொல்வோம். நீட்டிய கையின் சுண்டுவிரல் சுமார் 1 டிகிரி, முஷ்டி 10 டிகிரி. முழு நிலாவே அரை டிகிரிதான், சுண்டுவிரலில் மறைந்துவிடும். அப்புறம் திசை, நேரம். இவை சரியாகக் கிடைத்தால், வானத்தில் எந்த நேரம் எது எங்கே என்று காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியும், விமானங்களைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24-உம் பெரும்பாலும் பதில் சொல்லிவிடும். விமானம் நம்மை நோக்கியே வரும்போது அதன் விளக்கு அசையாமல் தொங்குவதுபோல் இருக்கும்; விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ் பக்கம் இது சகஜம். 2019-க்குப் பிறகு வரிசையாகப் போகும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களும் சேர்ந்துகொண்டன.

பறக்கும் தட்டுப் புகார்களைப் பற்றிய அமெரிக்க விமானப்படையின் புளூ புக் விசாரணை 1969-இல் முடிந்தபோது 12,618 புகார்களில் 701-க்கு விடை இல்லை. புதிதாகச் சேருபவர்களுக்கு அந்த 701 மேல்தான் கண். எனக்கு மற்றவை மேல்தான் ஆர்வம்.

ஆயர் ஈத்தாமில் ஒரு பாட்டி, விடியற்காலையில் கிழக்கே கொம்தார் கோபுரத்தின் பக்கம் ஒரு வெளிச்சம் தினமும் நிற்கிறது என்றார். எங்களோடு வந்த புதுப் பையன் கைப்பேசியை எடுக்காமலே, "அது வெள்ளி கிரகம் பாட்டி" என்றான். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது.

"எனக்கு விடிவெள்ளி தெரியாதா? ரப்பர் தோட்டத்துல பால்வெட்டுக்குப் போன காலத்துலேருந்து பாக்குறேன். விடிவெள்ளி மேல ஏறும். இது ஏறவே இல்ல."

இதைவிட நல்ல சாட்சியம் எங்களுக்குக் கிடைத்ததில்லை. நம் ஊரில் கிழக்கே உதிக்கும் எதுவும் கிட்டத்தட்ட நேராக மேலேறும், மணிக்கு ஒன்றரை முஷ்டி. ஏறாதது வானத்துப் பொருளாக இருப்பது கஷ்டம். செயலியைத் திறந்தால், அந்த மாதம் வெள்ளி மாலையில்தான் தெரிந்தது.

மறுநாள் இருட்டு விலகும்வரை பாட்டி வீட்டு ஐந்தடியில், அதாவது வாசல் நடைபாதையில், காத்திருந்தோம். வெளுத்ததும் வெளிச்சத்துக்குக் கீழே ஒரு கிரேன் தெரிந்தது. புதிதாக எழும்பும் கட்டடத்துடையது.

பாட்டியிடம் காட்டினோம். "சரி, அப்படின்னா அந்த லைட்ட அணைக்கச் சொல்லுங்க தம்பி, நேரா சாமி ரூமுக்குள்ள அடிக்குது" என்றார். அதற்கு எங்கள் படிவத்தில் இடமில்லை; ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.