சாவியைக் கொடுத்த பிறகும் வண்டி என்னுடையதுதான்

போன வாரம் ஒருவர் போன் செய்தார். "அண்ணா, உங்ககிட்ட படுக்கை போட்ட மாருதி ஈகோ வேன் இருக்குன்னு சொன்னாங்க. சனி, ஞாயிறு ஏற்காடு போயிட்டு வரணும். வாடகை எவ்வளவுன்னாலும் பரவாயில்லைங்க."

முடியாது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். அரை மணி நேரம் பேசினோம். அவரிடம் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன். சேலத்தில் சொந்த வண்டியை இப்படிக் கைமாற்றி வாடகைக்கு விடுபவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் எனக்குச் சின்னக் கொலுசுப் பட்டறை. 2020-ல் ஊரடங்கு நேரத்தில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, நானும் பையனும் சேர்ந்து ஈகோவின் பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பிளைவுட்டில் படுக்கை அடித்தோம். பக்கவாட்டில் ஒரு மடக்கு மேஜை, கீழே அஞ்சு கிலோ சிலிண்டர் வைக்க ஒரு பெட்டி. முதலில் எங்கள் குடும்பம் மட்டும்தான் போய்வந்தோம். அப்புறம் தெரிந்தவர்கள் கேட்டார்கள், பிறகு தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். நாளுக்கு 2,500 ரூபாய். எட்டு முறை போய், எட்டு முறையும் கீறல் இல்லாமல் திரும்பி வந்தது. அந்த எட்டு முறைதான் என் கண்ணை மறைத்தது.

ஒன்பதாவது, 2022 மே. பெங்களூரிலிருந்து மூன்று பையன்கள். ஓட்டுபவரின் லைசென்ஸை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். போட்டோவையும் பேரையும் பார்த்தேன். எந்தத் தேதியில் கொடுத்தது என்று பார்க்கவில்லை. அது நாலு மாசத்து லைசென்ஸ். மலையில் ஓட்டியிருக்கிறாயா தம்பி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வண்டியின் பிரேக் ஆயிலை மாற்றி எத்தனை வருஷம் ஆனது என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை. மூன்று வருஷம் தாண்டியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும், பட்டறையில் பொடி வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். போன். "அண்ணா, பெடல் உள்ள போயிருச்சுண்ணா. ஒருத்தர் மேல மோதிட்டோம்."

நான் போய்ச் சேர்ந்தபோது அடிபட்டவரை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். வளைவில் அவருடைய டிவிஎஸ் எக்ஸெல் கைப்பிடிச் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. பின்னால் கட்டியிருந்த இரண்டு பலாப்பழமும் ரோட்டில் பிளந்து கிடந்தன. பழ வாசனையும் கருகிய பிரேக் நாற்றமும் ஒன்றாகக் கலந்து அடித்தன. இன்றும் பலாப்பழம் அறுத்தால் அந்த இடம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

நடந்தது இதுதான். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கியிருக்கிறார்கள். ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140-லேயே கொதித்துவிடலாம். கொதித்தால் பைப்பில் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும் என்பதால் பெடல் பொத்தென்று உள்ளே போகும், சக்கரம் பிடிக்காது. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று இங்கே டிரைவிங் பழகும் பையனுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள். பெங்களூர்ப் பையனுக்கு யார் சொல்வது? சாவியைக் கொடுத்த நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அடிபட்டவர் காபி எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து ராடு வைத்தார்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசாங்கத் திட்டத்தில் நடந்தது. அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவருக்கு வேலை இல்லை, கூலி இல்லை.

அன்றைக்கு ராத்திரி நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். "சொந்தக்காரப் பசங்கன்னு சொல்லிடு. இன்சூரன்ஸ் வந்துரும்." எனக்கும் சபலம் தட்டியது, மறைக்க மாட்டேன். என் மனைவிதான் கேட்டாள், "ஒருத்தர் காலை முறிச்சாச்சு, இப்ப பொய் வேற சொல்லணுமாங்க?" காலையில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன்.

என் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கு ஒரு பைசா வரவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் செல்லாது என்று பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறது. வெள்ளை நம்பர் பலகை போட்ட சொந்த வண்டிக்கு உண்டான பிரீமியத்தைக் கட்டிவிட்டு, வாடகை வண்டிக்கு உண்டான பாதுகாப்பை எப்படிக் கேட்பது?

அடிபட்டவருடைய நஷ்டஈட்டு வழக்கு சேலம் கோர்ட்டில் நடந்தது. "ஏதாவது ஆனால் நாங்களே பொறுப்பு" என்று பையன்கள் அனுப்பிய மெசேஜை வக்கீலிடம் பெருமையாகக் காட்டினேன். அது உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில்தான், ரோட்டில் அடிபட்டவர் அதில் கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர். வண்டியை விற்றுக் கைமாற்றிவிட்டாலும், ஆர்.சி.யில் பெயர் மாற்றாத வரைக்கும் பழைய பெயர்க்காரரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதாம். வாடகைக்கு விட்டவன் எங்கே தப்பிப்பது?

2024 கடைசியில் தீர்ப்பு வந்தது. கம்பெனி முதலில் அவருக்குக் கட்ட வேண்டும், பிறகு என்னிடம் வசூலித்துக்கொள்ளலாம். 5,10,000 ரூபாயும் வட்டியும். மனைவியின் நகையில் எட்டுப் பவுன் இன்னும் பேங்கில் இருக்கிறது. நான் கட்டியதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அந்த மனிதர் இரண்டரை வருஷம் காத்திருந்தாரே, அதுதான் உறுத்துகிறது. நான் 2,500 வாங்கினேன், பையன்கள் ஜாலியாகச் சுற்றினார்கள். இந்தக் கணக்கில் எங்குமே இல்லாத ஒருவர் காலைக் கொடுத்தார்.

முறைப்படி செய்யலாமே என்று விசாரித்தேன். இங்கே டிரைவர் இல்லாமல் வாடகைக்குப் போகும் கார் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தோடு இருக்க வேண்டும். அதற்கான 1989-ஆம் வருஷத்து ரெண்ட்-எ-கேப் திட்டத்தில் குறைந்தது 50 கார் கேட்கிறார்கள். ஒரு ஈகோ வைத்திருப்பவனுக்கு அந்த வாசல் திறக்காது. அமெரிக்காவில் அவுட்டோர்சி, ஆர்விஷேர் மாதிரி கம்பெனிகள் வழியாக வீட்டு வேனை அடுத்தவர்களுக்கு விடுகிறார்கள். அங்கேயும் சொந்தப் பாலிசி பொதுவாக வாடகைக்குச் செல்லாது. ஆனால் வாடகை நாட்களுக்கென்று தனி இன்சூரன்ஸ் உண்டு, மூன்றாம் நபருக்குப் பத்து லட்சம் டாலர் வரை. ஓட்டப்போகிறவரின் பழைய பதிவையும் பார்க்கிறார்கள். நம் ஊரிலும் ஒற்றை வண்டிக்காரன் நாள் கணக்கில் பிரீமியம் கட்டி நேர்மையாக வாடகைக்கு விட ஒரு வழி வர வேண்டும். வரும் வரைக்கும் என் வண்டி வாடகைக்குப் போகாது.

இத்தனையும் கேட்டுவிட்டு அந்தப் போன்காரர், "அப்ப நாங்க எப்படிங்கண்ணா போறது?" என்றார். கருப்புப் பலகைக் கார் எடுங்கள், மலை ஓட்டிப் பழக்கமில்லை என்றால் மஞ்சள் பலகை டாக்ஸியில் டிரைவரோடு போங்கள் என்றேன். கூட யார் வருகிறார்கள் என்று கேட்டேன். அவர் மனைவி, இரண்டு வயதுக் குழந்தை, அம்மா.

குழந்தை என்றதும் மனசு கேட்கவில்லை. ஈகோவில் போன மாதம்தான் பிரேக் ஆயில், முன்பக்க பேட் எல்லாம் மாற்றினேன். வாடகை வேண்டாம், நானே ஓட்டுகிறேன், ஏரியையும் பகோடா பாயின்ட்டையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் நிற்பார்கள்.