பெரியம்மா பிடித்த மூங்கில் மத்து

ஜப்பானில் கியோட்டோவை அடுத்துள்ள உஜிக்கு வருகிறவர்களின் நடைமுறை பெரும்பாலும் ஒன்றுதான். ரயிலை விட்டு இறங்கியதும் பியோதோயின் கோயில். 1053இல் எழுப்பிய பீனிக்ஸ் மண்டபத்தின் எதிரே நின்று பத்து யென் நாணயத்தைத் தூக்கிப் பிடித்து, நாணயத்தில் இருப்பதும் எதிரே இருப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்த்து ஒரு படம். பிறகு கடைத்தெருவில் பச்சை ஐஸ்கிரீம். மாலைக்குள் கியோட்டோவுக்குத் திரும்பிவிடுவார்கள். தேயிலைக்கே பேர்போன ஊருக்கு வந்துவிட்டு அதை ஐஸ்கிரீமாக மட்டும் சாப்பிட்டுப் போகிறார்களே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. வீட்டுக்கு வரும் உறவினருக்கும் நண்பர்களுக்குமாவது மாட்சா என்னும் பச்சைத் தேயிலைப் பொடியை நானே கலக்கிக் கொடுப்போம் என்று தொடங்கினேன். அது இப்போது வகுப்பு, பயிற்சி, அலமாரி நிறையக் கிண்ணங்கள் என்று வளர்ந்து நிற்கிறது. எது ஒத்துவந்தது, எதை விட்டுவிட்டேன் என்பதை எழுதிவைக்கிறேன். இதே ஆசை உள்ளவர்களுக்குப் பயன்படலாம்.

நான் தேநீர்ச் சடங்கு கற்பது பக்கத்துத் தெருவில் ஒரு சென்செயிடம், அதாவது ஆசிரியரிடம். எழுபதைத் தாண்டிய அம்மையார், தேநீர்ச் சடங்கின் மரபுகளில் ஒன்றான உராசெங்கேயைச் சேர்ந்தவர். தொடக்கத்தில் அவர் சொல்லித்தருவது போன்ரியாகு என்னும் தட்டு முறை. தரையில் பதித்த அடுப்பும் வேண்டாம், நீண்ட காம்புள்ள அகப்பையும் வேண்டாம். ஒரு வட்டத் தட்டில் கிண்ணம், பொடி வைக்கும் அரக்குச் சிமிழ், மூங்கில் கரண்டி, மூங்கில் மத்து, கிண்ணம் துடைக்கும் வெள்ளைத் துணி. பக்கத்தில் ஒரு வெந்நீர்க் கெண்டி. வாடகை வீட்டின் ஆறு தாதாமிப் பாய் விரித்த அறைக்கு இதுவே தாராளம். இடுப்பில் செருகும் பட்டுத்துணியை மடிப்பதுதான் எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது. அந்த மடிப்பு ஓரளவு படிந்து வந்த பிறகு ஒன்று தெரிந்தது: விருந்தினர் யாரும் அதைப் பார்ப்பதே இல்லை. எல்லோருடைய கண்ணும் நுரையின் மேல்தான்.

ஆகவே நுரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு கிண்ணத்துக்கு ஏறக்குறைய 2 கிராம் பொடி, 70 மில்லி தண்ணீர். பொடியைச் சலிக்காமல் போட்டால் கட்டி தட்டும். பிறகு எவ்வளவு அடித்தாலும் அடியில் பச்சைக் குருணை நிற்கும். டீ வடிகட்டியில் முன்கூட்டியே சலித்துச் சிமிழில் வைத்துவிடுகிறேன். தண்ணீர் 80 டிகிரி அளவில் இருந்தால் கசப்பு ஏறாது. வெப்பமானி தேவையில்லை, கொதித்த நீரை வேறொரு பாத்திரத்தில் ஊற்றிச் சற்றுப் பொறுத்துக் கிண்ணத்துக்கு மாற்றினால் சரியாக இருக்கிறது. மத்தை முதலில் வெந்நீரில் நனைக்க வேண்டும், காய்ந்த நுனி ஒடிந்துவிடும். பிறகு அடியில் மெதுவாகக் கரைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து முன்னும் பின்னுமாக வேகமாக அடிக்க வேண்டும். தோளோ முழங்கையோ அசைந்தால் சென்செய் தொண்டையைக் கனைப்பார். நுரை எழும்பியதும் மத்தை மேலே கொண்டுவந்து பெரிய குமிழிகளை உடைத்து, கடைசியில் ஒரு சுற்றுச் சுற்றி நடுவிலிருந்து எடுத்தால் நுரை நடுவில் இலேசாக மேடுகட்டி நிற்கும்.

இது உராசெங்கே முறை. ஒமோதெசெங்கே மரபில் இவ்வளவு நுரை எழுப்ப மாட்டார்கள்; ஓரிடத்தில் தேநீர் தெரியும்படி விட்டுவிடுவார்கள். நுரை சரியாக வராத நாளில் ‘இன்றைக்கு ஒமோதெசெங்கே’ என்று சொல்லிச் சமாளிக்கலாம். சென்செய் பக்கத்தில் இல்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

கை ஓரளவு படிந்ததும் கும்பகோணத்திலிருந்து பெரியம்மாவும் பெரியப்பாவும் வந்தார்கள். அவர்களுக்காக ஒரு சிறு உரையே தயாராக இருந்தது. தேநீர்ச் சடங்குக்கு வடிவம் தந்த சென் நோ ரிக்யூ யார், 1591இல் அன்றைய ஆட்சியாளர் தொயோதோமி ஹிதெயோஷியின் ஆணைப்படி அவர் ஏன் உயிர்விட நேர்ந்தது, வாளோடு வரும் வீரனும் தலைகுனிந்து நுழையும்படி தேநீர் அறையின் வாசல் ஏன் அவ்வளவு சிறியது என்றெல்லாம். வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா தட்டிலிருந்து மத்தை எடுத்துவிட்டார்.

“என்னப்பா இது, மத்து இவ்வளவு சன்னமாக இருக்கிறது?”

“ஒரே மூங்கில் துண்டு பெரியம்மா. நுனியை எண்பதாகவோ நூறாகவோ பிளந்து சீவியிருக்கிறார்கள்.”

அவர் அதற்குமேல் காத்திருக்கவில்லை. பொடியும் நீரும் இருந்த கிண்ணத்தில் மத்தை இறக்கி, காம்பை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துச் சரசரவென்று உருட்டத் தொடங்கினார். ஆயுள் முழுக்க மோர் கடைந்த கை அல்லவா? கிண்ணத்தைச் சுற்றிப் பச்சைத் துளிகள் தெறித்தன. நுரை மட்டும் வரவில்லை. “கடைந்தால் வராது பெரியம்மா” என்று அவர் மணிக்கட்டைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினேன். ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். என் நுரையைவிட அவருடையது சன்னமாக வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் ஊரில் எனக்குச் சாப்பாடு கிடைக்காது.

அதன் பிறகு கேள்விகள் அவரிடமிருந்தே வந்தன. இதை யார் சீவுகிறார்கள்? பொடி எப்படி இவ்வளவு பச்சையாக இருக்கிறது? பறிப்பதற்கு முன் மூன்று வாரம்போலத் தேயிலைச் செடிக்கு மேலே பந்தல் போட்டு வெயிலை மறைப்பார்கள், அதனால்தான் அந்த நிறமும் அந்தச் சுவையும் என்றேன். காம்பும் நரம்பும் நீக்கிய இலையைக் கல் திரிகையில் அரைக்கிறார்கள்; ஒரு திரிகையில் மணிக்கு 40 கிராம் அளவில்தான் விழும் என்றதும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “நாற்பது கிராமா? அப்படியானால் இந்தக் கிண்ணத்துக்கு மூன்று நிமிடம் யாரோ அரைத்திருக்கிறார்கள்” என்று கணக்குப் போட்டார். ரிக்யூவின் பேச்சு கடைசிவரை எடுக்கவேண்டி வரவில்லை. அன்றிலிருந்து வரிசையை மாற்றிவிட்டேன்: முதலில் மத்து விருந்தினர் கைக்குப் போகும். கேட்டால்தான் வரலாறு.

மத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாரா மாவட்டத்து இகோமா நகரில் தகயாமா என்ற பகுதி இருக்கிறது. ஐந்நூறு ஆண்டுகளாக அங்கே இதுதான் தொழில். குளிர்காலத்தில் போனால் அறுவடை முடிந்த வயல்களில் மூங்கிலைக் கூம்பு கூம்பாகச் சாய்த்து உலர்த்தியிருப்பதைப் பார்க்கலாம். அங்கே வாங்கிய மத்து விலை கூடுதல்தான். ஆனால் மலிவு மத்து பழகாத கைகளில் சீக்கிரமே நுனி உதிர்க்கிறது, அந்தத் துணுக்கு தேநீரில் மிதக்கிறது. விருந்தினருக்கு நல்லது, பயிற்சிக்கு மலிவு என்று வைத்திருக்கிறேன். இரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவுவதில்லை; வெந்நீரில் அலசிப் பீங்கான் தாங்கியில் கவிழ்த்துவிடுகிறேன்.

விதிகளுக்கு வருவோம். செருப்பை வாசலில் விடச் சொல்லவேண்டிய வேலை நம்மவர்களிடம் இல்லை. தாதாமி விளிம்புத் துணியை மிதிக்காமல் நடக்கச் சொன்னால் போதும். வளையல்தான் சிக்கல். தேநீர் அறைக்குள் போகுமுன் மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுவது முறை. கிண்ணத்தில் கீறல் விழக்கூடாது என்பதற்காக. பெரியம்மாவிடம் வளையலைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வருமா? கிண்ணத்தை மாற்றினேன். தடித்த, சொரசொரப்பான ஷிகராகி மண்பாண்டக் கிண்ணம் ஒன்றை இதற்கென்றே வாங்கினேன். வளையல் பட்டால் ‘டங்’ என்று ஓர் ஓசை, அவ்வளவுதான்.

அடுத்தது முழங்கால். மண்டியிட்டுக் குதிகால் மேல் உட்காரும் செய்சா நம் வஜ்ராசனமேதான். யோகா செய்கிறவர்கள் பெருமையாக உட்காருவார்கள். கால் மரத்துப்போய், எழும்போது சுவரைப் பிடிப்பார்கள். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களால் அதுவும் ஆகாது. சாப்பாட்டு மேசையிலேயே தட்டை வைத்து நாற்காலியில் உட்கார்ந்து செய்யலாமா என்று சென்செயிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். 1872இல் கியோட்டோவில் கண்காட்சி நடந்தபோது, தரையில் உட்காரத் தெரியாத வெளிநாட்டினருக்காக உராசெங்கேயின் 11ஆம் தலைவர் கென்கென்சாய் மேசை நாற்காலி முறையையே புதிதாக வகுத்தார். ரியூரெய் என்று அது இன்றும் மரபின் ஒரு பகுதி. “விருந்தாளிக்குக் கால் வலித்தால் தேநீர் எப்படி இனிக்கும்?” என்றார். அதோடு என் தயக்கம் தீர்ந்தது.

எச்சில் விஷயமும் இப்படித்தான். கெட்டித் தேநீரான கோயிசாவை ஒரே கிண்ணத்தில் பலர் வரிசையாகக் குடிப்பது வழக்கம் என்றதும் பெரியம்மா முகம் மாறியது. நான் வீட்டில் கோயிசா செய்வதில்லை, ஆளுக்கொரு கிண்ணம்தான் என்றபிறகே முகம் தெளிந்தது. ஆனால் ஜப்பானியர்களுக்கும் இந்தக் கவலை புதிதல்ல. சுகாதாரத்தை எண்ணி ஆளுக்கொரு கிண்ணத்தில் கோயிசா தரும் முறையை 13ஆம் தலைவர் என்னோசாய் 1911இலேயே வகுத்துவிட்டார். கொரோனா காலத்தில் அதைத்தான் தூசி தட்டி எடுத்தார்கள். மரபு என்றால் அசையாமல் நிற்பது என்று நினைக்கிறவர்களுக்கு இந்த இரண்டு ஆண்டுகளையும் சொல்லுவேன், 1872, 1911.

நான் விடாத விதிகளும் உண்டு. கிண்ணத்தை இடது உள்ளங்கையில் ஏந்தி, அதன் முகப்பில் வாய்வைக்காமல் இருக்க இரண்டு முறை வலப்பக்கமாகத் திருப்புவது. பக்கத்திலிருப்பவரிடம் “ஒசாகி நி” என்று, உங்களுக்கு முன்னால் குடிப்பதற்காக, சொல்லிக்கொள்வது. கடைசி மடக்கை ஓசை கேட்க உறிஞ்சுவது. கடைசி விதிக்கு மட்டும் பெரியப்பாவுக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை.

மொழி என்று வந்தால் ஊரிலிருந்து வருகிற எல்லோரும் தவறாமல் கேட்பது ஒன்று: ஜப்பானிய மொழி தமிழிலிருந்துதானே வந்தது? சுசுமு ஓனோ என்ற அறிஞர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று நெடுங்காலம் எழுதினார், உண்மை. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை, அதுவும் உண்மை. வினைச்சொல் கடைசியில் வருவதும், பெயரோடு உருபு ஒட்டுவதும் நமக்கு ஜப்பானியத்தை எளிதாக்குகின்றன. அந்தச் சௌகரியத்தை அனுபவிப்போம், உறவுமுறை கொண்டாட வேண்டாம் என்பது என் கட்சி. வாதம் நீண்டால் இனிப்புத் தட்டை நகர்த்திவிடுவேன்.

இனிப்பு முதலில், தேநீர் பிறகு. இந்த வரிசை மாறக்கூடாது. வாயில் இனிப்பு நிற்கும்போதுதான் கசப்பு இதமாகும். கடைப் பலகாரங்கள் பல அசுகி என்னும் சிவப்புப் பயறு விழுதில் செய்தவை. ஆனால் சிலவற்றில் முட்டை சேர்கிறது. சைவ விருந்தினருக்காகச் சீட்டைப் படித்துப் படித்து அலுத்து, கோடையில் மிசுயோகான் என்னும் பயறு ஜெல்லியை வீட்டிலேயே செய்யத் தொடங்கினேன். நம் ஊரில் சைனா கிராஸ் என்பார்களே, அதே வகைக் கான்தென் பொடி 4 கிராம், தண்ணீர் 500 மில்லி. இரண்டு நிமிடமாவது நன்றாகக் கொதிக்க விட்டு, நானூறு கிராம்போல நைசான பயறு விழுதைக் கரைக்க வேண்டும். நுட்பம் அதற்குப் பிறகுதான். சூடாக அச்சில் ஊற்றினால் பயறு அடியில் படிந்து மேலே கண்ணாடிபோல் ஒரு தட்டு நிற்கும். பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து, துடுப்பில் லேசான கனம் தெரியும் வரை கிளறிக்கொண்டே ஆறவிட வேண்டும். அந்தக் கனம் வந்தவுடனே ஊற்றிவிட வேண்டும், தாமதித்தால் பாத்திரத்திலேயே உறைந்துவிடும். ஜூன் 30இல் கியோட்டோக்காரர்கள் சாப்பிடும் மினாசுகி என்னும் முக்கோண இனிப்பை மட்டும் கடையில்தான் வாங்குகிறேன். அன்று வரிசையில் நிற்பதே ஒரு விழா.

பொடியின் விலைதான் இப்போது உறுத்துகிறது. உலகம் முழுக்க மாட்சா மோகம் ஏறி, 2024 இலையுதிர்காலத்தில் பெயர்பெற்ற கடைகளே ஆளுக்கு இத்தனை டப்பா என்று கட்டுப்பாடு வைத்தன. அடுத்த வசந்தத்தில் கியோட்டோ ஏலத்தில் இலையின் விலை ஒன்றரை மடங்குக்கு மேல் போனது. விருந்தினர் கையில் மத்தைக் கொடுப்பதென்றால் பாதி கிண்ணம் வீணாகும். ஆகவே அவர்கள் பழகுவதற்கு வெறும் வெந்நீர்க் கிண்ணம், மணிக்கட்டு அசைந்த பிறகே பொடி என்று மாற்றியிருக்கிறேன். குழந்தைகளுக்கு வெந்நீரே போதுமானதாக இருக்கிறது. தெறிப்பதுதானே அவர்களுக்கு வேண்டியது.

மார்ச்சில் தங்கை குடும்பத்தோடு வருகிறாள். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை நோய். இனிப்பில்லாமல் எப்படி என்று சென்செயிடம் கேட்டேன். ரிக்யூ காலத்துத் தேநீர்க் குறிப்புகளில் இன்றைய சர்க்கரைப் பலகாரங்களா இருக்கின்றன, வறுத்த செஸ்ட்நட், ஷீதாகே காளான், கொம்பு கடற்பாசி எல்லாம்தானே தேநீருக்கு முன் வந்தன என்றார். செஸ்ட்நட்டில் மாவுச்சத்து அதிகம். காளானைக் கண்டால் மாப்பிள்ளை எழுந்துபோய்விடுவார். கொம்பை மெல்லிய பட்டையாக வெட்டி, எண்ணெய் விடாமல் சட்டியில் மொறுமொறுப்பாக வாட்டிப் பார்த்தேன். உப்பும் கடல் மணமுமாக நன்றாகவே இருந்தது. மாட்சாவோடு சேர்த்துக் குடித்தால் கசப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது. பொடியை ஒன்றரை கிராமாகக் குறைத்து இந்த வாரம் மறுபடியும் பார்க்கப்போகிறேன்.